மெல்லிய காற்றில் ஓர் எஞ்சின்

மணாலியிலிருந்து லே நகருக்கு ஏறும் மலைச்சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவரின் தேர்ச்சி பெரிதும் அவருடைய செவியில் இருக்கிறது. 5,300 மீட்டர் உயரத்தைத் தாண்டும் தங்லங் லா கணவாயை நெருங்க நெருங்கக் காற்றின் அடர்த்தி குறைவதால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியான கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு மிகுந்து, பழைய புல்லட் வண்டியின் சீரான அதிரொலி கம்மி இருமத் தொடங்குகிறது. பழகிய கை அப்போது ஆக்சிலேட்டரை முறுக்கி எஞ்சினை வருத்துவதில்லை; கியரை ஒன்று குறைத்து, எஞ்சின் விசையைச் சக்கரத்தோடு இணைத்தும் விலக்கியும் தரும் கிளட்சை மயிரிழையளவே தளர்த்தி, ஒலி மீண்டும் சமன்படும்வரை பொறுத்திருக்கிறது. அந்தப் பொறுமை அழகானது.

பிற்பகல் வெயிலில் பனி உருகிச் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகளில் இதே நிதானம் உடல் முழுவதற்கும் வேண்டியிருக்கிறது. இரவுக் குளிரில் உருகுதல் தணிவதால் விடியலில் ஓடை வற்றியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் முன்னதாகவே புறப்படுகிறார்கள். கால்தாங்கிகளின்மேல் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்றே மடக்கி, ஹேண்டில்பாரை இறுக்காமல் முதல் கியரில் ஒரே சீராக இறங்கும்போது, உருளைக் கற்கள் டயருக்கடியில் மடமடவெனப் புரள்வதும், சூடேறிய சைலன்சரில் பனிநீர் தெறித்துச் சுரீரென ஆவியாவதும், நீரோசையை மீறிக் கேட்கின்றன.