காணிச் சீர்திருத்தமும் வாக்கில்லாத மக்களும்

கண்டி–மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த மலைநாட்டில் காணியின் தலைவிதியை எழுதியது பெரும்பாலும் கொழும்புதான். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டியக் கிராமத்தவரின் சேனைகளையும் காடுகளையும் அரசுக்குரியதாக்கித் தோட்டத் துரைமாருக்கு வழிவிட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் தோட்டக் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இந்தப் பிந்திய நடவடிக்கைகள் நியாயமானவை. லண்டன் கம்பனிகளின் பிடியை எந்தக் கிராம சபையாலும் தளர்த்தியிருக்க முடியாது. மத்திய அரசின் வலிமை அங்கே தேவைப்பட்டது.

ஆனால் அந்தக் காணியில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருக்கு அப்போது அரசிடம் கணக்குக் கேட்க வழியில்லை. 1947 தேர்தலில் அவர்களது கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, 1949இல் வாக்கும் போனது. ஆகவே காணி பகிரப்பட்டபோது அவர்கள் பங்காளிகளாக எண்ணப்படவில்லை. கண்டிப் பகுதித் தோட்டங்கள் பல உசவசம, ஜனவசம ஆகிய அரச தோட்ட அமைப்புகளிடம் போயின. வேலை இழந்து, லயங்களிலிருந்து விரட்டப்பட்டு, பசியோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்தவர்கள் ஏராளம். காணி இழந்த கண்டிய விவசாயிக்குத்தானே முதல் உரிமை என்பார்கள். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. அதை இழைத்தது பிரித்தானிய ஆட்சி. கொழுந்து பறித்தவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் அல்லர்.

மத்திய அரசு சீர்திருத்தம் செய்தும் வாக்கில்லாதவரைக் கைவிடும் இதே பிளவைச் சீர்திருத்தக் காலத்து அமெரிக்காவிலும் காணலாம். 1913இல் கூட்டாட்சி வருமான வரிக்கும் செனட்டர்களின் நேரடித் தேர்வுக்கும் அரசியலமைப்பு இடம் தந்தது. அதே ஆண்டு ஜனாதிபதி வில்சனின் நிர்வாகம் கூட்டாட்சி அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைப் பிரித்து வைக்கத் தொடங்கியது. தெற்கில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்கவே விடப்படவில்லை. அப்படியானால் அதிகாரத்தைக் கீழே இறக்கினால் போதும் என்று சொல்லிவிட முடியுமா? இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அதிகாரத்தை இறக்கத்தான் செய்தது. எனினும் அதன் 33ஆம் பிரிவு சபை நிதி தோட்டங்களுக்குள் செல்லாமல் தடுத்தது. 1988, 2003 குடியுரிமைச் சட்டங்களால் எல்லோரும் வாக்காளரான பின்னரும், லய வீதிக்கும் குடிநீருக்கும் சபையால் செலவிட முடியவில்லை. அந்தத் தடையை அகற்றியதும் நாடாளுமன்றமே, 2018இல். அதற்குள் தோட்டத்து வாக்கில்லாமல் ஆட்சியமைப்பது எந்தக் கட்சிக்கும் கடினமாகியிருந்தது.