காருகுறிச்சிக்கு ஒரு நாள்

சாரல் பிடித்துவிட்டால் ஐந்தருவியில் நிற்க இடம் கிடைக்காது. சிற்றாறு ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிற அந்தப் பாறைக்குக் கீழே தலையைக் கொடுத்தவருக்கு வேறு நினைப்பே வராது. இருந்தாலும், அந்தக் கூட்டத்தில் இசையில் கிறுக்கு உள்ளவர் யாராவது இருந்தால், ஒரு நாள் குளியலை விட்டுவிடச் சொல்வேன். அங்கிருந்து 60 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது காருகுறிச்சி. நாகஸ்வரத்தை இப்படியும் வாசிக்கலாம் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டிய அருணாசலம் 1921-ல் பிறந்த ஊர். தனியாகப் போக வேண்டாம். நாகஸ்வரம் வாசிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

லிவர்பூலில் பீட்டில்ஸ் பாடகர்கள் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் வளர்ந்த வீடுகளை அங்குள்ள தேசிய அறக்கட்டளை காப்பாற்றி, சின்ன வண்டியில் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டுகிறது. நம் வழக்கம் வேறு. நாம் சமாதிக்குப் போகிறவர்கள். தியாகராஜருக்குத் திருவையாறு, முத்துசுவாமி தீட்சிதருக்கு எட்டயபுரம். ஆராதனை நாளில் கூடிப் பாடி, விழுந்து கும்பிட்டுத் திரும்புகிறோம். அதுவும் நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு கலைஞனின் காது எந்தத் தெருவில், எந்தச் சத்தங்களுக்கு நடுவில் வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள, பிறந்த ஊரைத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு உதவி தேவை. வாத்தியக்காரர் கூட இருந்தால்தான் சாதாரணத் தெரு ஒன்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

என்னை அழைத்துப் போனவர் தென்காசிப் பக்கத்துக் கோவில் ஒன்றில் வாசிக்கிற மூத்த நாகஸ்வரக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். ஆடி மாதம் என்பதால் கல்யாண வாசிப்பு கிடையாது. அந்த மாதத்தில் இந்தக் கலைஞர்களுக்கு ஓய்வும் உண்டு, கைச்செலவுக்குத் தட்டுப்பாடும் உண்டு. சாரலும் ஆடியும் சேர்ந்து வருவது இப்படி ஒரு பயணத்துக்குத் தோதானது.

தென்காசியைத் தாண்டிக் கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகிறது பாதை. கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். பாரதியும் அங்கே வாழ்ந்திருக்கிறார். அம்பாசமுத்திரத்தை விட்டதும் தாமிரபரணிப் பாலம், அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்க மட்டும் அந்த ஊரில் இறங்குகிறார்கள். தீட்சிதரின் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திப் புத்தகங்களாகக் கொண்டுவந்த சுந்தரமய்யர் அந்த ஊர்க்காரர் என்பதைச் சங்கீதக்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வீரவநல்லூர். அதற்கும் அடுத்தது காருகுறிச்சி. ரயிலில் வருவதானால் செங்கோட்டை–திருநெல்வேலிப் பாதையில் அதற்கென்றே ஒரு சின்ன நிலையம் இருக்கிறது.

மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். தெருவோரம் பானைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைகிற வயல்கள், வாழைத் தோட்டங்கள். இசைக்கென்று தனி அடையாளம் தேடினால் கிடைக்காது. அண்ணாச்சி என்னை நேரே கோவில் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“தம்பி, இந்தத் தெருவை அளந்து பாருங்க. சாமி இங்கேயிருந்து கிளம்பும். மூலைக்கு மூலை நிக்கும். மேளக்காரன் சாமிக்கு முன்னால நிக்கணும். அன்னா, அந்தக் கடைசி வீட்டுத் திண்ணையில இருக்கிற கிழவிக்கும் கேக்கணும். பக்கத்துல நிக்கிறவனுக்குக் காது வலிக்கவும் கூடாது. இதுதான் கணக்கு.”

நாகஸ்வரத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அது வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி, விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பொழுதுக்கும் சடங்குக்கும் ஏற்ப ராகம் மாறும். சபா மேடையும் ஒலிபெருக்கியும் பின்னால் வந்தவை. தெருவின் நீளத்தை நிரப்பும் சக்தி வாத்தியத்தின் உடம்பிலேயே இருக்கிறது. அந்தச் சக்தியை அடக்கி ஆள்வதில்தான் வித்வானுக்கு வித்வான் வேறுபாடு.

வாத்தியத்தின் உடம்பைக் கொஞ்சம் பார்க்கலாம். குழல் ஆச்சா மரம்; பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், நன்றாக உலர்ந்து வைரம் பாய்ந்த கட்டைக்கே மதிப்பு. கீழே விரிந்த வாய்க்கு அணசு என்று பெயர். மேலே உலோகக் கெண்டை, அதில் செருகிய சீவாளி. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திக் கட்டுவது சீவாளி. விரலுக்கு ஏழு துளை; அவற்றுக்குக் கீழே ஒலியைச் சரிசெய்ய இன்னும் ஐந்து, தேவைக்கேற்ப மெழுகு வைத்து அடைப்பதற்கு. ஹார்மோனியம் போல அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடாது. ஒரு துளையை எவ்வளவு திறப்பது, சீவாளியை உதடு எவ்வளவு கவ்வுவது, மூச்சை எந்த அழுத்தத்தில் விடுவது, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு காந்தாரம் காந்தாரமாக நிற்கும். ஒன்று தவறினாலும் சுருதி விலகும். விலகியது தெருக்கோடி வரை கேட்கும்.

பழைய காலத்தில் திமிரி என்கிற குட்டை நாகஸ்வரமே எங்கும் வழங்கியது. சுருதி உச்சம், நாதம் கூர்மை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளம் கூடிய பாரி நாகஸ்வரத்தை எடுத்து நிலைநாட்டினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலை அது. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. வாய்ப்பாட்டில் உள்ள குழைவும் நெளிவும் இனி நாகஸ்வரத்திலும் வரலாம் என்ற வழி திறந்தது. அந்த வழியில் வெகுதூரம் போனவர் காருகுறிச்சி அருணாசலம்.

அவர் தஞ்சாவூர்ச் சீமையின் பெரிய மேளக் குடும்பங்களின் வாரிசு அல்ல. காவிரியில் பிறந்து வளர்ந்த ஒரு கலையைத் தாமிரபரணிக் கரையில் இருந்து கற்றவர். வாய்ப்பாட்டுப் பயிற்சியும் உண்டு. பிறகு ராஜரத்தினம் பிள்ளைக்குச் சிஷ்யராகி, அவரோடு சேர்ந்து வாசித்தார். குருவோடு சேர்ந்து வாசிப்பது என்றால் என்னவென்று அண்ணாச்சி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விளக்கினார். குரு விட்ட இடத்தில் எடுக்க வேண்டும். அவர் தொடாத இடத்தைத் தொடலாம், ஆனால் அவர் தொடப்போகிற இடத்தைத் தொட்டுவிடக் கூடாது. அவர் ஒரு பிடியை வாசித்து முடிக்கும் முன்பே அது எங்கே போய் நிற்கும் என்று சிஷ்யனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் தனியாகக் கிடையாது. சபையில் நடப்பதுதான் பாடம்.

அருணாசலத்தை ராஜரத்தினம் பிள்ளையின் நிழல் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஒரு ராஜாவின் வருகை இருக்கும். கேட்கிறவன் எழுந்து நிற்க வேண்டும் போலத் தோன்றும். அந்த வீச்சு சிஷ்யரிடம் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. குருவிடமிருந்து ராகத்தை விரிக்கும் முறையை எடுத்துக்கொண்டு, நாதத்தைத் தன் மனசுக்குத் தக்கபடி மென்மையாக்கிக்கொண்டார். எழுந்து நிற்கச் சொல்லாத வாசிப்பு. பக்கத்தில் உட்காரச் சொல்லும்.

அவருடைய கரகரப்ரியாவைக் கேட்டால் இது விளங்கும். ‘சக்கனிராஜ’ கீர்த்தனையை அவர் வாசித்த ஒலிப்பதிவு ரசிகர்களிடையே கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. ராகத்தின் உயிர் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் எப்படி அசைப்பது என்பதில் இருக்கிறது. பலர் அந்த அசைவை அகலமாக்கி ராகத்தின் பெயரை முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். அருணாசலம் அவசரப்படுவதில்லை. காந்தாரத்தை நெருங்கி, தொட்டு, திரும்பி, இன்னொரு பக்கமாக வந்து தொடுவார். துத்துகாரம் போட்டு ஸ்வரங்களை வெட்டித் தெறிக்கவிட வேண்டிய இடத்திலும் அந்த வெட்டு காதில் குத்தாது. நீளமான கார்வையில் நாதம் தேய்ந்துகொண்டே போய், நின்றுவிட்டது என்று நாம் நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்கும். அந்த ‘இன்னும் கொஞ்ச’த்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கால்வாய் ஓரத்தில் கைபேசியில் அந்த ஒலிப்பதிவை வைத்துவிட்டு அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கார்வை முடிந்ததும், “சத்தமா யாரு வேணும்னாலும் ஊதலாம் தம்பி. இப்பம் கேட்டீங்கல்லா, இந்தச் சன்னம் வரணும்னா உதடு புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகணும்,” என்றார். அவர் சொன்னதற்குச் சான்று அவருடைய உதட்டிலேயே இருந்தது.

இந்தச் சீமையின் இன்னொரு மேளத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். தெற்கத்திக் கோவில் கொடைகளில் நையாண்டி மேளம் முழங்கும். கரகத்துக்கு ஆடத் தூண்டுகிற வேகம், திருவிழாக் கூட்டத்தை எழுப்புகிற சத்தம். அதற்கென்று தனித் திறமை உண்டு. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த ஜனங்களின் நடுவில்தான் அருணாசலம் மென்மையாக வாசித்தார்; அந்த ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்டார்கள். நுட்பமான சங்கீதம் சிலருக்கு மட்டும் என்கிற பேச்சுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’ அவரை நாகஸ்வரம் கேட்காத வீடுகளுக்கும் கொண்டுபோனது. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, ராகம் ஆபேரி, பாடியவர் எஸ்.ஜானகி. திரையில் ஜெமினி கணேசன் வாசிக்கிறார், சாவித்திரி பாடுகிறார். ஜானகியின் குரலைப் புகழ்ந்து நிறையச் சொல்லியாகிவிட்டது, எல்லாம் தகும். நாகஸ்வரத்தின் பக்கம் இருந்து ஒரு முறை கேளுங்கள். ஒரு பெண் குரலோடு மாற்றி மாற்றி ஸ்வரம் வாசிக்கும்போது, அந்தக் குரலை மூடிவிடும் பலம் வாத்தியத்துக்கு உண்டு. மூடவில்லை. குரல் கேட்ட கேள்விக்குக் குரலின் அளவிலேயே பதில் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. குருவுக்குப் பக்கத்தில் நின்று கற்ற பணிவு சினிமாப் பாட்டிலும் விடவில்லை.

ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்தார். அருணாசலம் 1964-லேயே போய்விட்டார். குரு இல்லாத மேடையில் முன்னால் நின்று வாசிக்க அவருக்குக் கிடைத்தது ஏழெட்டு ஆண்டுதான். கையில் இருக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு மனதை வருத்துகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு நாகஸ்வரக்காரனின் ராகம் பழுக்கத் தொடங்கும் என்பார் அண்ணாச்சி.

நேரம் இருந்தால் திரும்பி வரும்போது கோவில்பட்டி வழியாக வாருங்கள். கொஞ்சம் சுற்றுதான். அருணாசலம் பிற்காலத்தில் வாழ்ந்த ஊர் அது, நினைவிடமும் அங்கேதான். தண்ணீர் பாயும் ஊரில் பிறந்தவர் கரிசல் காட்டு ஜனங்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறார். பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும், இரண்டு பேரும் சங்கீதப் பைத்தியங்கள். விளாத்திகுளத்தில் ஒரே ராகத்தை நெடுநேரம் விரித்துப் பாடிய சுவாமிகள். மழை குறைந்த அந்தப் பூமியில் ராகத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குத் திரும்பலாம். கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் ஊரும் சங்கரன்கோவில் பக்கம்தான்; அதற்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். ஒரே பயணத்தில் இரண்டு பேரையும் அடைத்தால் இருவருக்கும் நியாயம் செய்ய முடியாது.

ஒரு வார்த்தை, வழிகாட்ட வருகிறவரைப் பற்றி. காலையில் வண்டி ஏறும்போதே அவருக்கு ஒரு கச்சேரிக்குக் கொடுக்கும் சன்மானத்தைப் பேசி முடித்துவிடுங்கள். ஊர் சுற்றிக் காட்டுவதற்கு என்று நினைத்துக் குறைக்காதீர்கள். அவர் தருவது ஒரு வாழ்நாள் கேள்வி ஞானம். வாத்தியத்தைக் கூட எடுத்து வரச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் அனுமதித்தால் அந்தக் கோவில் தெருவில் நின்று ஒரு ராகம் வாசிக்கட்டும். நீங்கள் தெருக்கோடிக்குப் போய் நின்று கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது இன்னொன்றும் செய்யுங்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டி மேளத்தோடு அவர்கள் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேளக்காரர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு நீங்களும் உட்காருங்கள். ஒரு கரகரப்ரியா வாசியுங்கள் என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் வாசிக்க இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள்.