மேளம் கட்டும் கை

தஞ்சாவூர் வீணை தொடக்கத்தில் பலாமரத்தின் வேலை, முடிவில் தேன்மெழுகின் வேலை. இரண்டுக்கும் நடுவே தச்சும் செதுக்கும் நகாசும் வாரக்கணக்கில் நடக்கின்றன. பட்டறையைப் பார்க்க வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போவது அந்த நடுப்பகுதியைத்தான். குடத்தைக் குடையும் உளி, யாளியின் பிதுங்கிய கண், மேற்பலகையில் பதிக்கும் பூவேலை எல்லாமே படத்தில் நன்றாக விழும். தண்டியின் இரு ஓரத்திலும் கறுப்பு மெழுகை வைத்து, 24 மெட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, காதைத் தாழ்த்திக் கேட்டபடி நகர்த்தும் வேலை படத்தில் விழாது. வாசிக்கிறவருக்கு வீணை வாய்ப்பதும் வாய்க்காமல் போவதும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

மரத்தில் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாதான் பேர்போனது. மிருதங்கத்துக்கும் அதே மரம்தான் போகிறது. வயதான மரம், நடுவயிரம், நெடுக்கே ஓடும் ரேகை, முடிச்சில்லாத துண்டு என்று பார்த்து எடுப்பார்கள். வெட்டிய மரத்தை ஈரம் போகும்வரை போட்டுவைக்கப் பொறுமை வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கோடைக்குள் மேற்பலகை வளையும், தண்டி முறுக்கும். மைசூரில் ஈட்டி மரத்தில் செய்யும் வீணையின் நாதம் இன்னும் அடக்கமானது என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த அடக்கம் உண்மைதான். ஆனால் மந்தரத் தந்தியை மீட்டியபின் குடத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வரும் பலாவின் கனம் ஈட்டியில் வருவதில்லை.

ஏகாண்டமா, ஒட்டா என்ற வாதம் இன்னும் பழையது. குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்த வீணைக்கு விலையும் மதிப்பும் அதிகம். ஆந்திரத்தில் பொப்பிலி வீணையின் புகழே அதன்மேல் நிற்கிறது. ஏகாண்டத்தில் நாதம் தடையின்றி ஓடும் என்பார்கள். நன்றாக இணைத்த ஒட்டு வீணையையும் ஏகாண்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த வித்தியாசத்தைத் துணிந்து சொல்லுவது கடினம். குடத்துச் சுவரை எவ்வளவு மெல்லியதாக இழைத்திருக்கிறார்கள், மேற்பலகை எவ்வளவு தளர்வாக அதிர்கிறது, குதிரை எங்கே உட்கார்ந்திருக்கிறது ஆகிய மூன்றும் நாதத்தைத் தீர்மானிப்பதில் ஒட்டுக்கு முந்தியவை. ஏகாண்டத்தின் உண்மையான லாபம் வேறு. தந்திகளின் இழுப்பு ஆண்டுக்கணக்கில் தண்டியை மேலே வளைக்கப் பார்க்கும். ஒட்டு இருக்கும் இடம்தான் முதலில் இளகும். அது இளகினால் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறி, மெட்டுகளின் அமைப்பான மேளம் முழுவதும் பொய்யாகிவிடும். ஒரே மரத்தில் அந்தப் பயம் குறைவு.

நகாசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு தந்தமும் மான்கொம்பும் பதித்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் வந்திருக்கிறது. யானைக்கும் மானுக்கும் அது நல்லது, நாதத்துக்கும் அதனால் நஷ்டமில்லை. யாளிக்கு அருகே தொங்கும் சுரைக்குடுக்கை மடியில் தாங்குவதற்காக இருப்பது. அது காகிதக்கூழில் செய்ததானாலும் குறையொன்றும் இல்லை. தந்தியை முறுக்கும் பிரடைகள் மட்டும் கருத்தாகக் கடைந்தவையாக இருக்க வேண்டும். துளையில் சரியாக உட்காராத பிரடை கச்சேரியின் நடுவில் நழுவும்.

குதிரைக்கு வந்தால் விஷயம் கனக்கிறது. மரக்குதிரையின் தலைமேல் பதித்த உலோகத் தகடு பார்வைக்குத் தட்டை, தடவினால் மெல்லிய மேடு. தந்தி அதை ஒரு புள்ளியில் தொடாமல், அதிரும்போது அந்த மேட்டின்மேல் ஒட்டியும் விலகியும் ஆடுகிறது. வீணையின் நாதம் மீட்டிய கணத்தில் முடிந்துவிடாமல் நீளுவதும், அந்த நீட்சிக்குள் மேல்சுரங்கள் ஒளிவிடுவதும் இந்த மேட்டினால்தான். சி.வி.ராமன் 1921-இல் தம்பூராவையும் வீணையையும் பற்றி எழுதிய ஆய்வுக்குறிப்பு இதை இயற்பியலாக எடுத்துச் சொன்னது. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கும் மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. வீணைக் குதிரையும் தம்பூராக் குதிரையும் அந்த விதிக்கு அடங்காமல், எழக்கூடாத மேல்சுரங்களையும் எழுப்புகின்றன என்று ராமன் காட்டினார். பட்டறையில் இதற்குச் சூத்திரம் கிடையாது. அரம் ஒன்றால் தகட்டை இரண்டு இழுப்பு இழுத்து, தந்தியை ஏற்றி, மீட்டி, இறக்கி, மறுபடி இழுப்பார்கள். ஓர் இழுப்பு கூடினால் நாதம் கரகரக்கும். குறைந்தால் மொட்டையாகிவிடும்.

இவ்வளவும் முடிந்தபின்பு மேளம் கட்டும் வேலை ஆரம்பிக்கிறது. தேன்மெழுகைக் கரித்தூளோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் சேர்ப்பவர்களும் உண்டு. மெழுகு கையில் பிசையும் பதத்துக்கு இளக வேண்டும், ஆறியதும் மெட்டை விடாமல் பிடிக்க வேண்டும். மிக மெதுவாக இருந்தால் சித்திரை மாதத்தில் மெட்டு அமிழும். மிகக் கெட்டியாக இருந்தால் மார்கழியில் வெடிக்கும். தண்டியின் இரு ஓரச் சட்டங்களின்மேல் மெழுகை வரிசையாக வைத்து, நயம் செய்த மெட்டுகளை அதில் நிறுத்துவார்கள். மெட்டின் இரு நுனிகள் மட்டுமே மெழுகில் இருக்கும். நடுப்பகுதி வெறும் வெளியின்மேல் பாலமாகக் கிடக்கும்.

முதலில் 12-ஆவது மெட்டு. முதல் தந்தியான சாரணியின் நீளத்தில் சரிபாதியில் அது நிற்க வேண்டும். அங்கே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் மேல்ஷட்ஜமும், மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஷட்ஜமும் ஒன்றாக வேண்டும். ஒன்றாகாது. அழுத்தும்போது தந்தி இறுகுகிறது, சுருதி ஒரு நூல் ஏறுகிறது. ஆகவே மெட்டு சரிபாதியைவிட யாளிப் பக்கம் சற்றே தள்ளி நிற்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பது தந்தியின் கனத்தையும், அது மெட்டுக்குமேல் நிற்கும் உயரத்தையும் பொறுத்தது. அதனால்தான் ஒரு வீணையின் அளவைக் கொண்டுபோய் இன்னொரு வீணையில் மெட்டு வைக்க முடியாது. 12-ஐ அடுத்து 7-இல் பஞ்சமம், 5-இல் மத்தியமம், பிறகு மற்றவை. மேல் ஸ்தாயிக்குப் போகப்போக மெட்டுகள் நெருங்கும். முதல் மெட்டுக்குள்ள இடைவெளியில் சுமார் கால்பங்குதான் கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே இருக்கும். மேலே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், கீழே அதே மில்லிமீட்டர் பிசகுவதைப்போல நான்கு மடங்கு காதில் உறுத்தும் என்று இதற்குப் பொருள்.

இதோடும் முடியவில்லை. ஒரே மெட்டின்மேல் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கு தந்திகளும் ஓடுகின்றன. கனமான தந்தி அழுத்தும்போது ஏறும் சுருதி வேறு, மெல்லிய தந்தி ஏறுவது வேறு. சாரணிக்குச் சரியாக இருக்கும் மெட்டு அனுமந்தரத்தில் கூடிப் பேசும். மெட்டை மயிரிழை சாய்த்துவைத்து நான்கையும் சமாதானப்படுத்த வேண்டும். மெழுகின் அருமை இங்கேதான் தெரிகிறது. முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், சாய்க்கலாம், ஒரு நுனியை மட்டும் அமுக்கலாம். கை தேர்ந்தவர் கட்டைவிரலால் மெட்டைத் தள்ளுவதைப் பார்த்தால் மெட்டு நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. சுருதி சேர்வது மட்டும் காதுக்குத் தெரியும். பிறகு தந்தியை மெட்டின்மேலேயே பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பார். இழுப்பின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நாதம் எங்கும் அறுபடக்கூடாது. அறுபட்டால், ஒரு பக்க மெழுகு தாழ்ந்திருக்கிறது அல்லது அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது. மறுபடி சூடு, மறுபடி அமுக்கல்.

கமகம்தானே கர்நாடக சங்கீதம், இழுத்து வாசிக்கிற வாத்தியத்துக்கு மெட்டு இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தோடியின் காந்தாரத்தை அதன் மெட்டில் யாரும் வாசிப்பதில்லை, ரிஷப மெட்டிலிருந்துதான் இழுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, முடிவு தவறு. இழுப்பு கிளம்பும் இடம் ரிஷபம். அது பிசகியிருந்தால் விரல் ஒவ்வொரு முறையும் அந்தப் பிசகை ஈடுகட்ட வேண்டும். துரித காலத்தில் ஈடுகட்ட நேரமில்லை. ஷட்ஜ பஞ்சமங்களில் நிற்கும்போது ஈடுகட்ட வழியே இல்லை.

மேளத்தின் சரித்திரம் தஞ்சாவூரின் சரித்திரமாகவே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடும், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடும் இன்றைய 24 மெட்டு வீணையை இணைத்துச் சொல்வது மரபு. தீட்சிதரின் மகன் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் ரகுநாத மேள வீணையை விவரிக்கிறார். ஒரு ராகத்துக்கென்று மெட்டு வைக்கும் வீணையையும் எல்லா ராகத்துக்குமாக மெட்டு வைக்கும் வீணையையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாவதுதான் நிலைத்தது. ஸ்தாயிக்கு 12 மெட்டு போதுமா என்ற கேள்வியையும் அதே ஊரிலிருந்த ஆபிரகாம் பண்டிதர் கிளப்பினார். ஸ்தாயியில் 24 சுருதி என்ற தம் கொள்கையை 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் பெண்மக்களைக் கொண்டு விளக்கினார். அடுத்த ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அந்த 24 சுருதி மேடைக்கு வரவில்லை. 12 மெட்டும் ஒரு நல்ல இடதுகையும் இருந்தால் வேண்டிய சுருதியெல்லாம் கிடைத்துவிடுகிறது என்பதே வாசிப்பவர்கள் கண்ட விடை.

நல்ல மேளத்தின் அருமையைக் கேட்டு அறிய வீணை தனம்மாளுக்கு (1867–1938) மேல் ஒருவர் இல்லை. காரைக்குடி சாம்பசிவ ஐயரின் சுத்தமும் கம்பீரமும் பெரியவை. எஸ்.பாலசந்தர் ஒரே மெட்டில் ஐந்து சுரம் எட்டும்படி இழுத்தது தனிச் சாதனை. அந்த இழுப்பை வியப்பவர்களோடு சண்டையில்லை. ஆனாலும் வாத்தியம் செய்தவரின் வேலை அப்படியே வெளியே தெரிவது தனம்மாளிடம்தான். விரலில் கம்பிச் சுருள் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டியவர். உரத்த மீட்டல், மேளத்தில் உள்ள சிறு குறையை மூடிவிடும். வெறும் விரலின் மெல்லிய மீட்டல் எதையும் மூடாது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்தபோது ஒலிபெருக்கி இல்லை, கூட்டம் என்று சொல்லும்படியும் இல்லை, வந்தவர்கள் அசையாமல் இருந்து கேட்டார்கள். எஞ்சியிருக்கும் அவருடைய சில இசைத்தட்டுகளில் இரைச்சலுக்கு அடியில் அந்த நாதத்தை இன்றும் பிடிக்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் இறங்கும்போது நடுவே மெட்டு தட்டும் ஓசை கேட்பதில்லை. அது விரலின் பெருமை, மெட்டைத் தேய்த்து நயம் செய்து மெழுகில் வைத்த கையின் பெருமையும்கூட.

இன்றைய கேடு ஒலிவாங்கியிலிருந்து ஆரம்பிக்கிறது. குடத்தின்மேல் ஒட்டும் சிறு ஒலிவாங்கி, மேற்பலகை பேசுகிறதா என்று கவலைப்பட வேண்டாம் என்ற துணிச்சலைச் செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் கொடுத்துவிட்டது. குடத்துச் சுவர் தடிக்கிறது, உடையாது என்பதற்காக. குதிரைத் தகட்டை யாரும் இரண்டாம் முறை அரத்தால் தொடுவதில்லை. மெழுகுக்குப் பதில் மெட்டுகளைத் திருகாணியால் முடுக்கிய வீணைகளும் வந்துவிட்டன. வெயிலுக்கு இளகாது, விமானத்தில் எடுத்துப் போகலாம், மேளம் கட்ட ஆள் தேட வேண்டாம் என்று அவற்றுக்கு நியாயம் சொல்லப்படுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாணவருக்கு அதில் நியாயம் இருக்கவும் செய்கிறது. ஆனால் மெட்டு தேயும். இழுத்து இழுத்து வாசிக்கும் இடத்தில் தந்தி தடம் பதிக்கும், தடத்தைத் தேய்த்து எடுத்தால் உயரம் குறையும், உயரம் குறைந்தால் சுருதி மாறும். மெழுகில் இதைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும். திருகாணியில் மெட்டையே மாற்றியாக வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரைப் பிறர் திருடாமல் அது காக்கும். மேளம் கட்டும் காதைக் காக்க அதனால் முடியாது. செதுக்கு வேலைக்கு இயந்திரம் துணை வரும், பூவேலைக்கு அச்சு வரும். மேளத்துக்கு வாசிப்பவரின் காதும் தச்சரின் கையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு, வீணை விற்கும் விலையில் தனிக்கூலி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். செல்போனில் சுருதி காட்டும் கருவியை வைத்துக்கொண்டு மெட்டு வைக்கும் பழக்கம் அந்த இடத்தைப் பிடித்துவருகிறது. ஒரு தந்தியில் முள் நேராக நின்றதும் அடுத்த மெட்டுக்குப் போய்விடுகிறார்கள். மற்ற மூன்று தந்திகளை மீட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வீணை வாங்கப் போகிறவர்கள் யாளியைப் பிறகு பார்க்கலாம். ஒலிவாங்கியைக் கழற்றச் சொல்லி, 12-ஆவது மெட்டில் நான்கு தந்திகளையும் வரிசையாக மீட்டிக் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே வீணை இருந்தால், மெழுகு வெடித்திருக்கிறதா என்று பார்த்து, மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கோடை தணிந்தபின், ஆடிக்கு மேல் கட்டிய மேளம் நன்றாக நிற்கும்.