மணியோசையில் தெரியும் கரை

ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் மேய்ன் கடற்கரைக்கு மூடுபனி வந்து சேரும் அழகே அழகு. தெற்கிலிருந்து ஈரத்தோடு வரும் வெதுவெதுப்பான காற்று, அங்குள்ள குளிர்நீரின் மேல் தவழ்ந்ததும் வெண்மையாய்த் திரள்கிறது. பெனாப்ஸ்காட் விரிகுடாவின் தீவுகளில் கருங்கல் கரை முதலில் கரைகிறது. ஸ்புரூஸ் மரங்களின் கூர்நுனிகள் கடைசியாக. 25 அடிப் பாய்ப்படகு ஒன்றில் அமர்ந்திருப்பவருக்கு அதன்பின் உலகம் என்பது சுக்கானும் திசைகாட்டியும்தான். பாயின் கீழ்த் தையலில் பனித்துளிகள் வரிசையாகக் கோத்து நிற்கின்றன. படகு சற்றே சாயும்போது ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அந்தச் சொட்டொலிகூடக் காதில் விழும் அமைதி!

இப்போது செவியைக் கூர்மையாக்குங்கள். அந்தக் கரையின் மிதவைகளுக்குக் குரல் உண்டு. மணி மிதவைக்கு ஒரே சுருதி. சேகண்டி மிதவையிலோ அடுக்கடுக்காய் அமைந்த தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுருதி. அடிப்பதற்கு ஆள் இல்லை. அலையே அசைத்து அலையே அடிக்கிறது. அதனால் அந்த இசைக்கு ஒழுங்கான தாளம் கிடையாது. ஒரு தட்டல், நீண்ட மௌனம், அவசரமாய் இரண்டு. அந்த ஒழுங்கின்மையில் கடலின் மூச்சையே கேட்கலாம். பனிக்குள் ஒலி திசைமாறி ஏமாற்றவும் செய்யும்; ஆகவே தேர்ந்த மாலுமி ஒருமுறை கேட்டதும் திரும்பிவிடுவதில்லை, மறுபடியும் கேட்கக் காத்திருக்கிறார். அந்தப் பொறுமை எத்தனை நேர்த்தி!

பக்கத்தில் பாருங்கள், சிங்கி இறால் கூண்டுகளின் வண்ண மிதவைகள். ஒவ்வொரு மீனவருக்கும் தமக்கென்று பதிந்த நிறங்கள். வெண்மைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் திடீரெனப் பூத்து, நழுவி, மறைகிறது. அது சாய்ந்திருக்கும் பக்கத்தையும் அதன் பின்னால் விரியும் மெல்லிய சுழிப்பையும் கவனியுங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வலு என்பதை அந்தச் சிறு சாய்வு சொல்லிவிடுகிறது.

கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கிப் பார்ப்பது இன்னும் பழைய, இன்னும் மென்மையான கலை. குண்டின் அடிக்குழியில் அப்பிய கொழுப்பில் மணலோ, சேறோ, உடைந்த சிப்பியோ ஒட்டிவரும். எத்தனை பாகம் ஆழம் என்று கயிறு சொல்ல, எந்த இடம் என்று அந்த ஒரு சிட்டிகை மண் சொல்லும். கண் தொடாத கடலடியை விரல் தொட்டுப் பார்க்கிறது.

துறைமுக வாயை நேரே குறிவைக்காமல், வேண்டுமென்றே சற்று இடப்புறம் ஒதுக்கிச் செலுத்துவதில்தான் எவ்வளவு நயம்! கரையோர ஆழம் வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற ஐயமே எழுவதில்லை. தெரிந்தே செய்த சிறு பிழை, தெரியாத பெரும்பிழையைத் தடுத்துவிடுகிறது.

ஊதுகுழல் ஒலிக்கிறது: ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல்கள். பனியில் பாய்விரித்துச் செல்லும் படகு 2 நிமிடத்துக்குள் ஒருமுறையாவது தன்னை ஒலியால் அறிவிக்க வேண்டும். ஊதி முடித்ததும் மீண்டும் அமைதி. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் எல்லாம் கேட்கிறது.

மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் 1 கடல் மைலுக்கு 20 நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் ஸ்புரூஸ் பிசினின் வாசம் காற்றில் வருகிறது. அடுத்த நிமிடம், வலப்புறம், எதிர்பார்த்த இடத்திலேயே, அந்த ஒற்றைச் சுருதி மணி.