ஊத்தாவும் ஆன்டெனாவும்

கோடையில் குளம் வற்றும்போது எங்கள் பக்கத்தில் ஊத்தா குத்துவார்கள். மூங்கில் சிம்புகளைக் கூம்பாகக் கட்டிய கூடு அது; சிம்புக்குச் சிம்பு இடைவெளி. ஆனாலும் அகப்பட்ட விரால் தப்பாது. இடைவெளி மீனைவிடச் சிறிதாக இருந்தால் போதும், சுவர் வேண்டாம்.

டிஸ்கோன் ஆன்டெனாவும் அப்படித்தான். மேலே வட்டத்தட்டு, கீழே கூம்பு. ஆர்மிக் கண்டோயன் 1945-ல் காப்புரிமை பெற்றது. தகட்டுக்குப் பதில் கம்பிகளை விரித்தாலும் வேலை செய்யும். 2018-ல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த அதிராம்பட்டினம் கரையில், காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் கம்பிக் கூம்புதான் எனக்குப் பிடிக்கும்.

14 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் கூம்புக்குச் சாய்நீளம் 5.3 மீட்டர். உச்சிக்கோணம் 60 பாகை என்றால் அடிவட்டச் சுற்றளவு 16.6 மீட்டர். 16 கம்பி கட்டினால் இடைவெளி ஏறக்குறைய ஒரு மீட்டர். 28 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 10.7 மீட்டர். அந்த மீன் இந்த ஊத்தாவின் இடைவெளியில் நுழையாது.

இந்த ஆன்டெனாவைக் கட்டும் முன்பே கணினியில் பார்த்துவிடலாம். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் நெக்-2 நிரல் 1981-ல் வந்தது; இன்றும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பலர் அதை நம்புகிறார்கள். கம்பிகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டின் மின்னோட்டம் மற்ற எல்லாத் துண்டுகளிலும் என்ன செய்கிறது என்று அது கணக்கிடும். அதில் ஒவ்வொரு வரிக்கும் ‘கார்டு’ என்றே பெயர். துளையிட்ட அட்டைக் காலத்து வழக்கு. ஒரே கம்பியை எழுதி, ஜி.ஆர். கார்டால் சுழற்றினால் முழுக் கூம்பும் விரியும். சிக்குக் கோலத்தின் கால்பாகம் போட்டதும் மீதி தெரிந்துவிடுமே, அந்தச் சந்தோஷம்.

கைத்திறன் தெரிவது உச்சியில். பதினாறு கம்பிகளும் ஒரு புள்ளியில் கூடும்போது ஒன்றின் உடம்புக்குள் ஒன்று புகுந்துவிடும். நிரல் முகம் சுளிக்காது; அழகான தவறான விடையைத் தந்துவிடும். தேர்ந்தவர்கள் அங்கே கம்பிகளைச் சிறு வளையத்தில் நிறுத்துவார்கள். பிறகு துண்டுகளை இரட்டித்து மறுபடி ஓட்டுவார்கள். விடை நகர்ந்தால் மாடல் தேறவில்லை. இழப்பில்லாத கம்பியில், வெட்டவெளியில் சராசரி ஆதாயம் 1 வர வேண்டும். 1.3 வந்த மாடலை, வரைபடம் எத்தனை வடிவாக இருந்தாலும், நான் ரசிக்க மாட்டேன்.

கடைசியாகத் தரை. சாதாரண மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.005 சீமன்ஸ், கடல்நீருக்கு 5. ஆயிரம் மடங்கு. திரையில் மண்ணை எடுத்துவிட்டுக் கடலை வைத்துப் பாருங்கள்: வானம் பார்த்த கதிர்வீச்சு தொடுவானம் வரை தாழ்ந்து படுக்கும். நம் கடற்கரை அந்த அளவுக்கு நல்ல இடம்.

ஆன்டெனாவிலிருந்து அலை அனுப்ப உரிமம் வேண்டும். மாடல் போட ஒரு லேப்டாப் போதும். நெக்-2-ஐ ஓட்டும் 4நெக்2 மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது.