பூமிகா: பழிவாங்கும் இயற்கை

பூமிகா (2021) ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய தமிழ்த் திகில் படம். கார்த்திக் சுப்புராஜின் நிறுவனம் தயாரித்தது. ஐஸ்வர்யா ராஜேஷ் முதன்மை வேடத்தில் நடித்தார். 2021 ஆகஸ்ட் மாதம் விஜய் தொலைக்காட்சியிலும் நெட்ஃபிளிக்ஸிலும் வெளியானது. இயற்கை மனிதரைப் பழிவாங்கும் கதைகளில் தமிழில் குறிப்பிடத்தக்கது.

கதை

மலைக்காட்டில் கைவிடப்பட்ட ஒரு பள்ளி வளாகத்தில் கட்டுமானத் திட்டம் ஒன்றுக்காக ஒரு குடும்பம் வந்து தங்குகிறது. இறந்துபோன ஒருவரின் கைப்பேசி எண்ணிலிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்குகின்றன. அவற்றின் பின்னே, ஆட்டிசம் கொண்டவளும் ஓவியத்தில் தேர்ந்தவளுமான பூமிகா என்ற பெண்ணின் கதை விரிகிறது.

முன்னோடிகள்

துரை இயக்கிய ‘நீயா?’ (1979) படத்தில், இணையைக் கொன்றவர்களைப் பெண்பாம்பு ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறது. ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தில், பறவைகளுக்காக உயிர்விட்ட பட்சிராஜன் கைப்பேசித் தொழில் சார்ந்தவர்களைத் தண்டிக்கிறார். இரண்டிலும் குற்றவாளிப் பட்டியல் தெளிவானது. ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) இதற்கு நேர்மாறு. பறவைகள் ஏன் தாக்குகின்றன என்று அது சொல்வதே இல்லை. பள்ளிக் குழந்தைகளும் அதில் தப்புவதில்லை.

மதிப்பீடு

காட்டின் நிசப்தத்தையே அச்சமாக மாற்றியது பூமிகாவின் சாதனை. பசுமையும் மூடுபனியும் அழகாகவும் மிரட்டலாகவும் ஒருசேரத் தெரிகின்றன. ஆனால் காட்டின் கோபத்தை ஒரு பெண்ணின் ஆவியில் அடக்கியதும் படம் பழகிய தடத்துக்குத் திரும்பிவிடுகிறது. நம் பேய்ப்படங்களில் ஆவிக்கு நியாயம் உண்டு. அது ஆள் பார்த்தே தண்டிக்கும். பார்ப்பவருக்கு அது ஆறுதல்.

நீலகிரியில் வாழ்பவர்களுக்கு அந்த ஆறுதல் போதாது. 2009 நவம்பரில் குன்னூர், உதகை, கோத்தகிரிப் பகுதிகளில் பெய்த பெருமழையில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. சரிவுகளை வெட்டிக் கட்டியதும் நீரோடும் வழிகளை அடைத்ததும் சேதத்தைப் பெருக்கின. மண்ணில் புதைந்தவர்களில் பலர் சரிவோரச் சிறு வீடுகளில் குடியிருந்த எளியவர்கள். மலையை வெட்டச் சொன்னவர் யார், கீழே குடியிருப்பவர் யார் என்று மண் விசாரிப்பதில்லை.

குற்றம் செய்தவர் ஒருவராகவும் விலை கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இந்த அநீதியைப் பூமிகா தொடவில்லை. இருந்தும், மலையில் எழும் கட்டடத்தை வளர்ச்சியாக மட்டும் பார்க்காமல் அச்சத்தோடு பார்க்க வைத்த வகையில், மலையூர் மாணவர்களுக்குத் திரையிட்டு விவாதிக்கத் தகுந்த படம் இது.