கெஹைம்ராட்டை இங்கிலீஷில் எப்படிக் கூப்பிடுவது?

பழைய ஜெர்மன் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் 'செக்ரட்டரி' என்று வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் மத்திய அரசில் செக்ரட்டரி என்றால் ஒரு அமைச்சகத்துக்கே தலைமை அதிகாரி. ஜெர்மன் தபால் இலாகாவின் 'ஸெக்ரெட்டேர்' அப்படியல்ல, குமாஸ்தாவுக்குச் சற்று மேலே இருப்பவர், அவ்வளவுதான். உச்சரிப்பு ஒத்துப்போகிறதே என்று மொழிபெயர்ப்பாளர் அப்படியே விட்டுவிட்டால், சின்ன சம்பளக்காரர் வீட்டுக் கஷ்டம் பெரிய அதிகாரியின் கஞ்சத்தனமாகத் தெரியும். 'அஸெஸ்ஸர்' என்பவரும் வரி மதிப்பிட வந்தவர் அல்ல. சட்டம் படித்து, இரண்டாம் அரசுத் தேர்வும் தேறி, நிரந்தர வேலைக்குக் காத்திருப்பவர்.

கெஹைம்ராட் விஷயம் இன்னும் சிக்கல். 'பிரிவி கவுன்சிலர்' என்று போடுவது வழக்கம். கதே 1779-இல் வைமார் அரசில் இந்தப் பதவி பெற்றபோது அது பொருந்தும். அவர் உண்மையிலேயே அரசருக்கு ஆலோசனை சொன்னவர். பின்னாளில் இது பேராசிரியர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் தரப்பட்ட வெறும் கௌரவப் பட்டமாயிற்று, நம்ம ராவ் பகதூர் மாதிரி. விஞ்ஞானி மாக்ஸ் பிளாங்க்கும் கெஹைம்ராட்தான். அவரைப் பிரிவி கவுன்சிலர் என்றால் வாசகர் அவரை அரசவையில் தேடுவார். வேலை இருந்த இடத்தில் மொழிபெயர்க்கலாம், பட்டம் மட்டும் இருந்த இடத்தில் ஜெர்மன் சொல்லையே வைத்துவிடலாம் என்பது என் கட்சி. 1919 அரசியல் சட்டத்தின் 109-ஆவது பிரிவு இத்தகைய பட்டங்களை நிறுத்தியது. ஆஸ்திரியாவில் அரசவை போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் 'ஹோஃப்ராட்', அதாவது அரசவை ஆலோசகர், இன்னும் இருக்கிறார்!

கதேயின் தாயாரை 'ஃபிரௌ ராட்' என்பார்கள். பட்டம் கணவருடையது, அதுவும் காசு கொடுத்து வாங்கியது. ஆங்கிலத்தில் 'மிஸஸ் கவுன்சிலர்' என்றால் ஒட்டவில்லை. தாசில்தாரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிடும்.

யோசெஃப் ரோட்டின் 'ராடெட்ஸ்கி மார்ச்' (1932) நாவலில் வரும் ட்ரோட்டா ஒரு 'பெட்ஸிர்க்ஸ்ஹௌப்ட்மன்', மாவட்ட நிர்வாகி. ஒரே நாற்காலிக்காரர் சென்னையில் கலெக்டர், பெங்களூரில் டெபுடி கமிஷனர், லக்னோவில் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்ட்ரேட் என்பது ஊர் ஊராய் மாற்றலாகி வந்த நம்மவர்களுக்குத் தெரிந்ததே. ஆங்கிலத்தில் இவரை 'டிஸ்ட்ரிக்ட் கமிஷனர்' என்று போட்டவர்கள் உண்டு, 'டிஸ்ட்ரிக்ட் கேப்டன்' என்று போட்டவர்களும் உண்டு. முன்னது தலையில் வெள்ளைக்காரத் துரையின் தொப்பியை வைத்துவிடுகிறது. பின்னதைப் பார்த்து, சிவில் அதிகாரியைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார்களே என்று நானும் சிரித்ததுண்டு. ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். இவருடைய தகப்பனார் ஸோல்ஃபெரினோ போர்க்களத்தில் அரசரைக் காப்பாற்றி ஹௌப்ட்மன், அதாவது கேப்டன், ஆனவர். தன் பிள்ளை பட்டாளத்தில் சேரக்கூடாது என்று தடுத்தவரும் அவரே. அந்தப் பிள்ளையின் ஆபீஸ் பெயரிலும் அதே 'ஹௌப்ட்மன்' வந்து ஒட்டிக்கொள்கிறது. கமிஷனர் என்றால் இந்த வேடிக்கை போயே போச்சு. அதனால் இந்த ஒரு நாவலில் மட்டும், காது உறுத்தினாலும், நான் கேப்டன் பக்கம்தான்.